சத்தம் கூட்டிச் சொன்ன செபமாலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதே காவலில் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதவே இப்போது கை கூசுகிறது கண்ணு. போனில் சொன்னால் நீ "விடும்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாத்திரையை நீட்டினால்தான் முகம் கோணுகிறது. பிள்ளைக்குச் சளி விட்டதா? தலையைத் துவட்டாமல் வெளியே அனுப்பாதே. நம் மாடியிலேயே எதிர்வீட்டு டெய்லரம்மா உனக்கு நினைவிருக்கும், உன் பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் அவள் தைத்ததுதான். இப்போது கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி வருவாள். சரியாக நாங்கள் செபமாலைக்கு உட்காரும் நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும், வந்தால் லேசில் போகவும் மாட்டாள், மருமகள் கதை முழுக்கக் கேட்டாக வேண்டும். எத்தனை நாள் அப்பாவிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பாதி செபமாலையில் காலிங்பெல் அடித்தது, அவள்தான், வேறு யார். அப்பா எழுந்தார், கண்ணாலேயே உட்கார வைத்தேன். திரும்பவும் அடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சத்தம் கூட்டிச் சொன்னேன், செபத்தில் இருக்கிறோம் என்று புரிந்து போகட்டும் என்று. போய்விட்டாள். எனக்கு அதில் ஒரு திருப்தி வேறு. அங்கே அவள் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்திருக்கிறார். தூக்க ஆள் தேடி வந்தவள், படியிறங்கித் தெருவில் போன யாரையோ கூட்டி வரும்வரை அந்த மனுஷர் ஈரத்தரையிலேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் வரை போய்விட்டது. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செபம் சொல்ற சத்தம் வாசல்ல கேட்டுச்சுக்கா, எங்களையும் சேர்த்துத்தானே வேண்டிக்கிறீங்கன்னு அந்த நேரத்துல ஒரு தைரியம் வந்துச்சு" என்றாள். தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். கதவைத் திறக்காததைவிட அதுதான் என்னை அரிக்கிறது.

சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னேன். பரிகாரமாக ஒரு செபமாலை சொல்லச் சொல்வார் என்று பார்த்தால், சாமியார், "செபமாலை இருக்கட்டும்மா, அந்தம்மாகிட்ட போய் நடந்ததைச் சொல்லுங்க" என்றுவிட்டார். ஞாயிறு பூசையில் எல்லாரும் நன்மை அப்பம் வாங்க எழுந்தார்கள், அவளிடம் சொல்லாமல் எந்த முகத்தோடு வாங்குவது என்று நான் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன், அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். பக்திக்காரி என்று இத்தனை வருஷம் பேர் வாங்கியவளுக்கு எதிர்வாசல் வரை போகக் கால் வரவில்லை. உண்மை தெரிந்தால் அவள் இந்தப் பக்கமே வராமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று டெய்லரம்மா வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இப்போது தையல் மிஷின் சத்தம் கேட்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் போகிறேன், இருக்கிற ஊசிக்கெல்லாம் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிடுவேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. பிள்ளை நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு, ஆண்டவர் உங்கள் வீட்டைக் கைவிடமாட்டார். ஒன்று மட்டும் மறக்காதே. நாம் போனில் பேசும்போது இங்கே மணி அடித்தால், யாரோதான், அப்புறம் பார்க்கலாம் என்பேன். நீ கேட்காதே. "போய்த் திறம்மா" என்று போனை வைத்துவிடு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா