கோசோவில் வாங்கிய உப்பு

இன்று காலை உப்புப் போத்தல் வெறுமையாகிவிட்டது. நாலு நாளாக விடாத மழை. தெருமுனைக் கடை, அந்த டெயரி வரைக்கும் நடக்கப் பஞ்சியாக இருந்தது. அலுமாரியின் பின்தட்டில் கையை விட்டுத் துழாவியபோது அந்தத் துணிப்பை அகப்பட்டது. மூன்று வருடமாக அவிழ்க்காத முடிச்சு. உள்ளே உப்பு ஈரத்தில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். இஞ்சருங்கோ, முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இனி வேறெப்படிக் கூப்பிட?

அந்தத் தீவை நீங்கள் முதலில் கண்டது இங்கே ஓக்லண்டில், பக்குரங்கா பிளாசாவில். பயண முகவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான். நான் மரக்கறி நிறைந்த டிரொலியோடு காவல் நின்றேன். மத்தியதரைக் கடலில், மோல்டாவுக்குப் பக்கத்தில், கோசோ என்று ஒரு பொட்டுத் தீவு.

"ரிட்டயர் பண்ணினால் இப்பிடி ஒரு இடத்தில போய் இருக்கவேணும்."

"விசர்க் கதை. அங்க எங்கட சனம் ஒருத்தரும் இல்லை."

"அதுதானே விசேஷம்," என்றீர்கள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

பகிடி இல்லை என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மவுண்ட் வெல்லிங்டனில் பக்டரி வேலை முடிந்து வந்து நீங்கள் சப்பாத்தைக் கழற்றமுதல் போன் அடிக்கும். ஒருவருக்கு எயார்போட்டில் ஆள் ஏற்ற வேண்டும், இன்னொருவருக்கு விசா படிவம் நிரப்ப வேண்டும், வேறொருவருக்கு மெத்தை ஏற்ற உங்கள் வான் வேண்டும். "அக்கா, அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்பார்கள். போனை எடுப்பது நான். "ஓம் ஓம், வருவார்" என்று சொல்வதும் நான். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வான் திறப்பை எடுப்பீர்கள்.

தொண்ணூற்றாறில், லண்டனில் என் தங்கையின் மகள் கலியாணத்துக்குப் போகிற வழியில், பத்து நாள் அந்தத் தீவில் இறங்கினோம். ஓக்லண்டின் ஜூலைக் குளிரில் ஊறிய எலும்புக்கு அந்த வெயில் என்ன சுகமாக இருந்தது! நீங்கள் மத்தியானத்தில் நித்திரை கொண்டீர்கள். அத்தனை வருடத்தில் நீங்கள் பகலில் குறட்டை விட்டு நான் கண்டதில்லை. பின்னேரங்களில் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே பாறையைச் சதுரம் சதுரமாக வெட்டி, கடல்நீரை விட்டுக் காயவைக்கிறார்கள். ஒரு மனிதர் தும்புத்தடியால் உப்பைக் கூட்டிக் குவிப்பதை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவரிடம் வாங்கியதுதான் இந்தப் பை.

எனக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. தக்காளி தேய்த்த பாண், மஞ்சள் கல்லு வீடுகள், எங்களை யாரென்று கேட்காத சனம். உங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை, பாருங்கோ. அவ்வளவு கள்ளம்.

எட்டாம் நாள், தங்கியிருந்த வீட்டுக்காரி தன் மற்ற வீட்டைக் காட்டினாள். இரண்டு அறை, நீலக் கதவு, மொட்டைமாடியில் நின்றால் கடல். ஓய்வு பெற்ற இங்கிலாந்துக்காரர் பலர் இப்படித்தான் வந்து தங்கிவிட்டார்களாம். மாடியில் நின்று நீங்கள் கேட்டீர்கள்:

"நீர் ஓம் எண்டால் நான் வேலையை விடுறன். என்ன சொல்லுறீர்?"

"இஞ்ச உங்களுக்கு ஒண்டு நடந்தால் தூக்க நாலு பேர் இருக்கினமோ?"

நீங்கள் சிரித்தீர்கள். "செத்த பிறகு தூக்கப்போற நாலு பேரை நீர் யோசிக்கிறீர். இப்ப என்ர முதுகில ஏறியிருக்கிற நாப்பது பேரை நான் யோசிக்கிறன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். "சரி, விடும்" என்று பின்னால் கேட்டது. அதற்குப் பிறகு அந்தத் தீவின் பெயரையே நீங்கள் எடுக்கவில்லை.

நாலு பேர் என்றது பாதிப் பொய். கோயிலுக்குப் போனால் "அண்ணையின்ர மனிசி" என்று சனம் விலகி எனக்கு இடம் விடும். அங்கே போனால் நான் யார்? கூடை தூக்கிக்கொண்டு பாண் வாங்கப் போகும் ஒரு கிழவி. உங்கள் முதுகில் ஏறியிருந்தவர்களில் முதலாவது ஆள் நான்தான். உங்களுக்கு அது தெரிந்திருக்கும். என்னைப் புண்படுத்தக்கூடாதென்று நாப்பது என்று பொதுவாகச் சொன்னீர்கள்.

அடுத்த வருடம் அந்தச் சனிக்கிழமை. புளொக்ஹவுஸ் பே பக்கத்தில் ஒரு குடும்பம் வீடு மாறியது. காலையில் கட்டில் விளிம்பில் இருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இண்டைக்கு ஏலாமக் கிடக்கு" என்றீர்கள். "வருவார் எண்டு நான் சொல்லிப்போட்டன். பிள்ளைகுட்டிக்காரர், பாவம். ஒரு பிரிட்ஜ் மட்டும்தானாம்," என்றேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனீர்கள். பிரிட்ஜை இறக்கி வைத்துவிட்டு, படியில் இருந்து தண்ணீர் கேட்டீர்களாம். தண்ணீர் வருமுன் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குச் சனமென்றால் சனம். அடுத்த தெரு வரைக்கும் கார்கள் நின்றன. நான் கேட்ட நாலு பேர் என்ன, நானூறு பேர் வந்தார்கள். ஆனால் உங்களை ஒருவரும் தூக்கவில்லை. பெட்டியைச் சக்கரம் பூட்டிய தள்ளுவண்டியில் வைத்து, தகன மண்டபத்து வேலையாள் ஒருவன் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனான். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

வானை விற்றுவிட்டேன். இப்போது போன் அடிப்பதில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, இங்கிலீஷில் நலம் விசாரித்துவிட்டுப் போகிறான். இன்று அந்த உப்பை அம்மிக்குழவியால் தட்டி உடைத்துச் சொதிக்குப் போட்டேன். நல்ல உப்புத்தான். ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு இன்னும் பிடிபடவில்லை, கரித்துவிட்டது.

அன்று வீடு மாறிய குடும்பத்துப் பெண் போன கிழமை பிளாசாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணை ஒரு சொல் மறுக்காமல் ஓடி வந்தவர், அக்கா" என்றாள். நான் "ஓம்" என்றேன். நீங்கள் ஏலாது என்று சொன்னீர்கள், நான்தான் அனுப்பினேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.