சாவிக்கொத்தில் ஒரு கொலுசு மணி

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நேற்று விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் சாவிக்கொத்திலிருந்த மணி அறுந்து விழுந்தது. பட்டாணி அளவுகூட இல்லாத வெள்ளி மணி. செருப்புக் கால்களுக்கு நடுவே குனிந்து தேடி எடுத்து, கடைத்தெருவில் வெள்ளி வேலை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"கொலுசு மணி சார் இது. சாவிக்கு எதுக்கு? சாவி தொலையாம இருக்கவா?"

"நான் வர்றது மத்தவங்களுக்குத் தெரியணும். அதுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஊதுகுழலை எடுத்தார். அந்தப் பொடி வெள்ளி நெருப்பில் சிவக்கும்வரை உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பிள்ளைகள் கூப்பிட்டதைக் கேட்டு எனக்கும் பெரியம்மா என்றே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற மறு வருடம், திண்டிவனத்துக்கு வெளியே மல்லாட்டை என்று நீங்கள் சொல்லும் நிலக்கடலை வயல்களுக்கு நடுவே இருந்த உங்கள் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தேன். சொந்த வீட்டிலேயே அடிபட்டு, பட்டினி கிடந்து, அதைவிட மோசமானதையும் பட்டு வந்த பெண்பிள்ளைகள் தங்கித் தேறும் இடம். வாரம் ஒருநாள் மனநல ஆலோசகர் வந்து போவார். மற்ற நாட்கள் முழுக்க நீங்கள்தான். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் உங்களுக்கு. கணவரைக் கடலில் இழந்தவர்.

நான் முதலில் கவனித்தது உங்கள் கொலுசு. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஜல்ஜல் என்று நடந்தீர்கள். பால் ஊற்ற வருகிற அம்மாள் ஒருநாள் என் காதுபடவே சொன்னார்: "புருசன் போயி எத்தினி வருசம் ஆவுது, கொலுசு கேக்குது பாரு." நீங்கள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, "உனுக்கும் ஒரு ஜோடி வாங்கியாரட்டா? மாடு உன் பின்னாலயே வரும்," என்றீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது.

அதன் பொருள் புரிந்தது நான் செய்த தவறால்.

செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். அவளுடைய உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு. நாலு மாதம் யாரோடும் பேசாமலிருந்து, அப்போதுதான் "இந்தக் கணக்கு வரல சார்" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். முப்பத்தைந்து வருடம் தேர்வு அறைகளில் நடந்த கால்கள் என்னுடையவை. செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பின்பக்கமாகப் போய், தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்ப்பது எங்களுக்குக் கைவந்த வித்தை. அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன். அன்று செல்வியின் பின்னால் அப்படிப் போய் நின்று, "சபாஷ்" என்றேன்.

பெஞ்சு சாய்ந்தது. அவள் அலறவில்லை. சுவரோரம் இருந்த மேசைக்கு அடியில் போய், தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

நீங்கள் ஓடி வரவில்லை. கொலுசுச் சத்தம் மெதுவாக, ஒரே சீராக வந்தது. மேசைக்கு நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, "பெரியம்மா தான். இங்கதான் குந்திக்கினு கீறேன். நீ எப்ப வரணுமோ அப்ப வா," என்றீர்கள். அவள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை கீரை ஆய்ந்துகொண்டே அங்கேயே இருந்தீர்கள்.

பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னீர்கள்: "சத்தமில்லாத வந்த காலடிதான் சார் இதுங்கள இங்க கொண்டாந்து சேத்துச்சி. நீங்க பூனையாட்டம் வர்றீங்க." கோபமே இல்லை உங்கள் குரலில். குனிந்து ஒரு கொலுசைக் கழற்றி, அதிலிருந்து ஒரு மணியைப் பல்லால் நெம்பி எடுத்து என் சாவிவளையத்தில் கோத்தீர்கள். அறுபது வயதுவரை என் நடையே ஒருவரை நடுங்கவைக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட உடனேயே என்ன செய்ய வேண்டும் என்பதையும் என் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

செல்வி மூன்று வாரம் பாடத்துக்கு வரவில்லை. நாலாம் வாரம் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"பரீட்சை ஹால்ல சாருங்க பின்னாடி நடப்பாங்களா?"

"நடப்பாங்கம்மா."

"அப்போ என்னால எழுத முடியாது."

தெரிந்தவர்களிடம் சொல்லித் தனி அறை கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "எல்லாரும் எழுதற எடத்துலதான் எழுதணும் சார்."

அவள் போன பிறகு உங்களிடம், "ஒரு உதாரணம் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். "வாணாம் சார், நீங்க உதாரணம் சொல்லி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிடும்," என்றீர்கள். ஆனால் நான் சொல்லி முடித்ததும் அந்த உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். எண்கோடு. செல்வியின் இருக்கைக்கு அடியில் பூச்சியம். அங்கிருந்து பின்சுவர்வரை சாக்பீஸால் ஒரு கோடு, அடிக்கு ஒரு எண், பத்துவரை. ஆலோசகரும் சரி என்றார். நான் எதுவரை வரலாம் என்பதை வாராவாரம் செல்வியே சொல்வாள். அவள் கணக்குப் போடுவாள். நான் மணியை ஆட்டிக்கொண்டு அவள் சொன்ன எண்ணில் நின்றுவிட்டுத் திரும்புவேன்.

முதல் நாள், "பத்து." அடுத்த வாரமும் பத்து. பிறகு ஒன்பது, ஏழு. நாலுக்கு வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுவாரம் அவள் திரும்பிப் பார்க்காமலே, "ஒம்பது" என்றாள். என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டீர்கள். "பின்னால போறதுக்கும் அதுக்கு எடம் இருக்கணும் சார். முன்னால மட்டும்தான் போவணும்னு சொன்னா அதுவும் ஒரு வெரட்டல்தான்." எத்தனை பிள்ளைகளை நான் அப்படி விரட்டியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "பூச்சியம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மணிய பையில போட்டுக்கங்க சார்," என்றாள். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். பத்தடி நடப்பதற்குள் எனக்குத்தான் வியர்த்துவிட்டது. அவள் தோள்கள் மேலேறி, அப்படியே சிறிது நேரம் நின்று, தாமாகவே இறங்கின. மலைகளைப் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோள்கள் இறங்கியதைப் போல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

பங்குனியில் முதல் தேர்வு. பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். உங்களுக்கு நிலைகொள்ளவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டி ஜல்ஜல் என்று போவதும் வருவதுமாக இருந்தீர்கள். காவலாளி, "இன்னாமா, பசங்க பரீட்ச எழுதுது, நீ டான்ஸ் ஆடிக்கினு கீற?" என்று விரட்டினார். அப்புறம் இரண்டு கொலுசையும் கையால் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தவர்தான்.

செல்வி வெளியே வந்தாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"பின்னாடி வந்தாரா?" என்றேன்.

"வந்து நின்னாரு சார். எழுந்து சொன்னேன். 'சார், பின்னாடி நிக்காதீங்க, முன்னாடி வந்து பாருங்க'ன்னு."

"அதுக்கு?"

"'சரிம்மா'ன்னாரு. முன்னாடி வந்தாரு. அவ்ளோதான். தண்ணி இருக்கா பெரியம்மா?"

பாட்டிலைத் திறந்துகொடுத்தீர்கள். அவள் குடித்துவிட்டுத் தோழிகளிடம் போன பிறகுதான் சொன்னீர்கள். "பொறுத்துக்கறதுக்குத்தான் சார் நாம பழக்கிக்கினு இருந்தோம். இது வாணாம்னு சொல்லக் கத்துக்கிச்சி. இத யாரு சொல்லித் தந்தது?"

எனக்குத் தெரியவில்லை, பெரியம்மா. இன்றுவரை தெரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றுகிறது.

போன ஐப்பசி மழையில் நீங்கள் எங்களை விட்டுப் போனீர்கள். காலிலிருந்து கொலுசைக் கழற்றியபோது, புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் செல்வி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். காரியம் முடிந்ததும் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருந்த அக்காவின் முன்னால் போய் நின்று, "போட்டு விடட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சரி என்ற பிறகுதான் குனிந்து அவள் காலைத் தொட்டாள். ஒரு மணி குறைந்த அந்தக் கொலுசு இன்னும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இன்று சனிக்கிழமை. பத்தர் பற்றவைத்துக் கொடுத்த மணியோடு திண்டிவனம் போனேன். இரண்டு மாதம் முன்னால் வந்த ஒரு சின்னப் பெண், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னும் படியேறவில்லை.

"கணக்கு சார் வந்துக்கினு கீறாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியைப் போடத் தொடங்கினாள். நான் படியிலேயே நின்று, தேவையே இல்லாமல், சாவியை இன்னொரு முறை ஆட்டினேன்.