மடித்து வைத்த மூன்றாம் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்போதும் "இங்கு எல்லோரும் நலம்" என்றுதான் தொடங்குவேன். இந்த முறை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த நாட்டில் நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியவர் மதியம் தூங்கிய பிறகு, உட்கார்ந்து படி.

அப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சென்ற மாதம் தெரிந்தது. ஆரம்ப நிலைதான். வேறு எங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் தெரிகிறது. "அவசரமில்ல, ஆனா தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர். மீதியை நீ நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை முதலில் எழுதிவிட்டேன்.

பஸ் ஓட்டுகிறவர்களின் பழக்கம் உனக்குத் தெரியும். வழியில் இறங்க முடியாது என்று காலையிலிருந்து தண்ணீரை அளந்துதான் குடிப்பார்கள். அப்பா மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் குடித்தார். அப்படியும் கடைசி நிறுத்தம் வந்ததும் இன்ஜினை அணைக்காமலே கழிப்பறைக்கு ஓடியிருக்கிறார். கண்டுபிடித்தது கண்டக்டர் மாமாதான். "யோவ், வண்டி எட்டு நிமிஷம் நின்னா அதுல ஏழு நிமிஷம் நீ அங்கதான் இருக்கே. நாளைக்கு டாக்டர்கிட்ட போகலேன்னா நான் விசில் அடிக்க மாட்டேன், வண்டி நகராது" என்று மிரட்டி அனுப்பினார்.

டாக்டரிடம் போனபோது அப்பா என்னை வெளியே நிற்கச் சொன்னார். இரண்டே நிமிடத்தில் கதவைத் திறந்து, "நீயே வந்து கேளு, பட்டதாரி" என்றார். நான் படித்த வேதியியலுக்கும் அந்த அறிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டரும் ஒரு பெண். அவர் பேசப் பேச அப்பா காலண்டரைப் பார்த்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன். அறுவை சிகிச்சை செய்யலாம், இல்லையென்றால் கதிர்வீச்சு கொடுக்கலாம். இரண்டின் பின்விளைவுகளையும் சொல்லிவிட்டு, "வீட்டுக்காரங்களோட பேசிட்டு முடிவு பண்ணுங்க" என்றார். ஒப்புதல் படிவம் மூன்று வாரமாக டிவி பக்கத்தில் கிடக்கிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா கேஸ் சிலிண்டரையும் மாடித் தொட்டியையும் பற்றிப் பேசிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுகிறார்.

ஆஸ்பத்திரி மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை, இதே நோய் வந்தவர்கள் கூடுகிறார்கள். நேற்று அழைத்துப் போனேன். அப்பா வாசல்வரை வந்துவிட்டு, வெளியே இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். குழந்தைகள் தடுப்பூசி அட்டவணையைக்கூட விடவில்லை. நான் தனியாக உள்ளே போனேன். ஆமாம் அம்மா, இறங்குமிடத்தைக் கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூசுகிற உன் மகள்தான். பதினோரு ஆண்கள், சிலருடைய மனைவிமார். நான் குறிப்பெடுக்க நோட்டைத் திறந்ததும் ஒரு சலூன்காரர், "பரீட்சை எழுத வேண்டியவர் எங்கம்மா?" என்று கேட்டார். வெளியே கை காட்டினேன். அவர் எழுந்து போய், "உள்ள வாங்கண்ணே, ஃபேன் காத்தாவது வரும். இங்க எதுவும் ஒட்டிக்காது. ஒட்ட வேண்டியது ஏற்கெனவே ஒட்டியாச்சு" என்றார். அப்பா சிரித்துவிட்டார். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

சலூன்காரருக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறதாம். முதல் நான்கு மாதம் சிறுநீர் கசிந்ததாம். இப்போது நாள் முழுக்க நின்றுகொண்டே முடி வெட்டுகிறார். அவர் மனைவிதான் நடுவில் புகுந்தார். "ஆறு மாசம் இந்த மனுஷன் என் மூஞ்சியப் பாக்கல. நான் என்ன கேட்டேன் இவர்கிட்ட? வாயத் தொறந்து பேசியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீ இருந்தாப் போதும்யான்னு." அப்பா இந்த முறை காலண்டரைத் தேடவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். பாதி வழியில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்க ஒருத்தரத் தூக்கிக் குளிப்பாட்டி, துணி மாத்தி விடறா. இங்க வந்தும் அவளுக்கு அதே வேலையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குச் சொல்ல வராது. நீ எழுது. நோய மட்டும் எழுது, அந்த இன்னொண்ண எழுதாதே" என்றார்.

நானும் எழுதவில்லை. அங்கே கொடுத்த கையேட்டை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தை மடித்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பக்கம் அது. நான் ஒரு முறை படித்தேன். அதைப் பற்றி என்னிடம் மட்டும் எதுவும் கேட்காதே.

கீழ் வீட்டு அக்கா விடுமுறை முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். இந்தக் கடிதத்தோடு உன் கால் வலித் தைலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். ஒப்பந்தம் முடிய ஒன்பது மாதம் இருக்கிறது, ஓடி வர வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

வரும் ஞாயிறு காலை நீ கூப்பிடும்போது நான் நூலகத்தில் இருப்பேன். போனை அப்பாவிடம் விட்டுவிட்டு, படிவத்தின் மேல் ஒரு பேனாவையும் வைத்துவிட்டுப் போவேன். சிலிண்டரில்தான் தொடங்குவார். கேட்டுக்கொள். தொட்டியையும் கேட்டுக்கொள். அதன் பிறகு "சரி, வெச்சிடறேன்" என்பார்.

வைக்க விடாதே, அம்மா.

என்றும் அன்புடன்,
உன் மகள்