உன் பெருவிரலுக்குக் கீழே இருந்த சொல்

மச்சான்,

புதுப் பஞ்சாங்கத்தின் மை மணம் இன்னும் போகவில்லை. நானே கடையில் கேட்டு வாங்கி, வரும் வழியில் பஸ்ஸிலேயே விரித்து எழுத்துக் கூட்டினேன். தி... தி. திதி! ஓம், நான்தான். நீ போய் மூன்று மாரி கழிந்தபின், எழுபத்திரண்டு வயதில், வாசிகசாலை முதியோர் வகுப்பில் படித்துவிட்டேன். இந்த மடலும் என் கையால் எழுதுவதுதான். ஒரு வரி முடிவதற்குள் ஒரு தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது.

ஆனால் வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து பயமும் பிடித்துக்கொண்டது. நீ வாசித்துச் சொன்ன காலத்தில் ஒரு நாளில் ஒரு கெட்ட நேரம் இருந்தால் அதிகம். இப்போது பார்த்தால் ராகுகாலம், எமகண்டம், மரணயோகம், அட்டமி, நவமி. கிணற்றடிக்குப் போகவும் நேரம் பார்க்கிறேன்.

நாளைக்கு எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. வலக்கண் மாட்டுக் கொம்பு பட்டு அந்த நாளிலேயே போனது உனக்குத் தெரியும். மிஞ்சிய கண்ணிலும் படலம். எழுத்துகள் புகைக்குள் நிற்கின்றன. ஆஸ்பத்திரித் துண்டில் இருந்த திகதியைப் பஞ்சாங்கத்தில் தேடினேன். ஐப்பசி ஆறு. பக்கத்தில் ஒரு சொல். மூன்று தரம் கூட்டினேன். கரிநாள். நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாத நாள். இவ்வளவு பிந்திக் கிடைத்த எழுத்து நாளையோடு போய்விடுமோ?

"நாளைக்குப் போகேலாது பிள்ளை, கரிநாள்" என்றேன் மகளிடம்.

"இதை விட்டால் தைக்குப் பிறகுதான் எண்டு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னவா. அதுக்குள்ள கண் போயிடும். நான் பிறந்த நாளையோ அப்பா கரிநாள் எண்டுறியள்?"

"அது வேற வருசம்."

"கரிநாள் மாறாது. எல்லா வருசமும் அதே திகதிதான். முன்பக்கத்தில கிடக்கு, வாசியுங்கோ. இப்பதான் பெரிய படிப்பாளியாச்சே!"

வாசித்தேன். ஐப்பசி 6, 20 என்று கிடந்தது.

அப்போதுதான் உன் பெருவிரல் நினைவுக்கு வந்தது. உருத்திரபுரம் வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வந்த காலை. வீட்டில் என் மனைவிக்கு நிறைமாதம். முந்திய பிள்ளை தங்கவில்லை. "நாள் சரியில்லையெண்டால் நான் விதைக்க இறங்கன்" என்று வரம்பில் நின்றேன். நீ மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தாய். சேறு காய்ந்த பெருவிரலை வரியில் அழுத்தி வைத்தாய்.

"அமிர்தயோகம் மச்சான். இறங்கடாப்பா, தண்ணி உனக்காக நிக்காது."

விதைத்துவிட்டுக் கரையேறினோம். பொழுது சாயுமுன் இவள் பிறந்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை அறிந்தவன் நீ ஒருவன்தான். பிறகு யாருக்காகக் கரிநாள் என்ற அந்தச் சொல்லை விரலால் மறைத்தாய்? உனக்கும் பயமாய் இருந்ததோ? நீ உயிரோடு இருக்கும்போது இதைக் கேட்க எனக்கு எழுத்துத் தெரியாமல் போயிற்று.

காலையில் புறப்படுமுன் மகளுக்கு நான்தான் நாள் வாசித்துச் சொல்ல வேண்டும். பயம் போகவில்லை மச்சான். ஆனால் பெருவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.