மைனாவின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

திருத்தணி,
ஞாயிறு மதியம்

அன்பு மகன் ஜெபஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் உன் நைனாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் டியூட்டி என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. இங்கே மழை விட்டபாடில்லை. பள்ளிப்பட்டு கெசியா சித்தி மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, சேலை அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களிடமே எடுக்கிறார்களாம். கிருத்திகைக் கூட்டத்தில் சென்னை ரயிலில் கால் வைக்க இடமில்லை, சித்தி நின்றுகொண்டே போய் வந்தாள்.

நைனா இப்போதும் முன்னறையில் அதே படத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார். உன் தங்கை சுஜா காய்ச்சலில் போன பிறகு அவர் வரைய எடுத்த ஒரே படம். அவளுடைய சாப்பாட்டு டப்பா, பாதி பிளந்த சீத்தாப்பழம், பக்கத்தில் அவள் சோறு வைத்துப் பழக்கிய மைனா. முதலில் முழுவதும் பழுப்பிலேயே வரைந்து காயவிட்டு, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தை மெலிசு மெலிசாக ஏற்றி, ஒவ்வொரு பூச்சும் காயக் காத்துக் கிடப்பாரே, உனக்குத் தெரியாததா. எல்லாம் முடிந்து மாதக்கணக்காகிறது. மைனாவின் கண்ணில் வெளிச்சம் மின்னுகிற அந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இல்லை. சுற்றிலும் மஞ்சள், நடுவில் வெறும் கறுப்பு. அது உயிரோடு இருக்கிறதா செத்ததா என்றே தெரியவில்லை ஜெபஸ்டின், அந்த அறையைத் தாண்டிப் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நிஜ மைனா வேறு காலையில் வந்து சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது. டொக் டொக்கென்று அவள் கதவைத் தட்டுவதுபோலவே கேட்டதும், தோ வந்துட்டேன் சுஜா என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அப்புறம் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடாது. வீடெல்லாம் கிராம்பு வாசனை. அவளுக்குப் பல்வலி வந்தால் கிராம்பெண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைப்பேனே, அதே வாசனை. எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பார்த்தால் உன் நைனாதான் அந்தக் கண்ணின் கறுப்பில் கிராம்பெண்ணெய் கலந்துகொண்டிருக்கிறார். அதைக் கலந்தால் வண்ணம் சீக்கிரம் காயாதாமே. காயத் தொடங்கினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஈரமாக வைக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு புள்ளிய வெச்சு முடிச்சுத் தொலைங்களேன், எத்தினி நாளைக்கு இப்படி வெச்சிகினு குந்தியிருப்பீங்க என்று கத்தி, பிரஷை நானே எடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேணாம் தேவி, போன படத்துக்கு சுஜா வெச்சா, இது ஜெபஸ்டின் முறை, அவன் வந்து வெக்கட்டும், அதுவரைக்கும் காயக் கூடாது என்றார். சின்ன வயதில் நைனா வரையும் ஒவ்வொரு பறவைக்கும் அந்தப் புள்ளியை யார் வைப்பது என்று நீயும் அவளும் முறை போட்டு அடித்துக்கொள்வீர்களே, எனக்கு மறந்தே போயிருந்தது ராசா. அவர் மறக்கவில்லை.

அவள் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று நீ மனதுக்குள்ளேயே வெந்துகொண்டு ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பது எனக்குத் தெரியும். விமானம் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய். நைனா உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைக்கிறாயே, கோபக்காரர் செய்கிற வேலையா இது? ஆங், வர்றேம்மா என்று போனில் சொன்னதெல்லாம் போதும், இந்தக் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடு. போன வாரம் துடைக்கும்போது அவர் கை தவறிக் கறுப்பு அலகுவரைக்கும் இழுத்துவிட்டது.

கர்த்தர் உன் தலைமேல் கைவைத்துப் பத்திரமாகக் கூட்டிவரட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வயிற்றைக் காயப்போடாதே. நேற்று அந்தக் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தேன், கறுப்பு ஒட்டியது. இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, வா.

உன் அம்மா,
தேவசுந்தரி