அத்தை கேட்டாள், அப்பா கொடுத்தார்

அன்பு மகளே, நாங்கள் எல்லோரும் சுகம், நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. அப்பாவின் இஸ்திரிக் கடை ஏதோ ஓடுகிறது. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. வேலை செய்யும் வீட்டில் யார் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே. சின்னவள் ஞாயிற்றுக்கிழமை முதல் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள், அங்கே அவளுக்குத் தனி அறை.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது, இனி நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தானே போடத் தெரியும், வழக்கம்போல அதை முதலிலேயே அடியில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில், அடுப்படி விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். நான் படிக்கப் போகவில்லை அக்கா. வாதம் வந்து படுத்திருக்கும் மாமாவோடு பகலில் இருக்க ஆள் வேண்டும், அத்தை ஆஸ்பத்திரி வேலைக்குப் போயாகவேண்டும். போன வாரம் வந்து, தம்பி, சின்னவள எனக்குக் குடுத்துடுடா, என் பொண்ணா வச்சுக்கறேன் என்றாள். நாம் குடியிருப்பதும் அவளுடைய இன்னொரு வீட்டில்தானே. அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா, கூட்டிட்டுப் போக்கா என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது, அந்தக் கையால் பிடித்தால் விடமாட்டார். போன தடவை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அத்தை வந்து விரல் விரலாகப் பிரித்தாள். இனிப் பகலில் அத்தை இருக்கமாட்டாள்.

இன்று இங்கிலீஷ் டீச்சர் ‘கிவ்’ என்று பலகையில் எழுதி ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். பேனா கொடு, லீவு கொடு, வாக்கு கொடு என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசி பெஞ்சுக்காரி, என் தம்பி எனக்குத் தலைவலி கொடுக்கிறான் என்றாள், டீச்சரே சிரித்துவிட்டார். என் முறை வந்தது. அப்பா என்னை அத்தைக்குக் கொடுக்கிறார் என்றேன். மனுஷங்களை அப்படிச் சொல்லக்கூடாதும்மா, அனுப்புகிறார்னு மாத்தி எழுது என்றார். மாற்றி எழுதினேன். சரி என்று குறி போட்டார்.

அப்பாவிடம் பேசு என்று உன்னைக் கேட்கலாம். ஆனால் இது உன் கைக்கு வருவதற்குள் நான் அங்கே போயிருப்பேன். நீ பேசினாலும், வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கடி போறது என்பார். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, தனி அறை என்பதைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். இனிமேல் மாடிவீட்டு அண்ணன் எழுதிக்கொடுப்பார், எழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கும். சின்னவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள், காய்ச்சல் மாத்திரையைப் பையிலேயே வைத்திரு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் மகளே. இது அம்மா கடைசியில் எழுதச் சொன்னது.

இப்படிக்கு,
அம்மா