சுல்தானின் அடுத்த பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

நித்திரை வரவில்லை. இன்றைக்கு முதன்முதலாக ஒரு முழுப் பக்கத்தை எங்கும் நிற்காமல் வாசித்தேன். இந்த வயதில் அந்தச் சந்தோசம் இன்னும் நெஞ்சுக்குள் குதிக்கிறது. ஆனால் மகன் என்னோடு கோபம்.

இரவுச் சாப்பாட்டில் சரித்திரப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இன்றைக்கு வந்தது சுல்தான் முகமது பின் துக்ளக். தலைநகரை டெல்லியிலிருந்து தெற்கே வெகுதூரத்துத் தௌலதாபாத்துக்கு மாற்றினாராம். சனங்களையும் வெளிக்கிடச் சொன்னாராம்.

வாசித்து முடித்து நிமிர்ந்தேன். மகன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"உது எனக்குத்தானே, அப்பா? எல்லாரும் குடிபோக நான் தூர அஜக்ஸில வீடு பாத்தது பிடிக்கேல்லை எண்டால் நேர சொல்லுங்கோ."

"புத்தகத்தில கிடக்கிறதைத்தான் வாசிச்சனான், தம்பி."

மருமகள் சிரித்தாள். "இவருக்கு ஒரு தலைப்பாகையும் வாங்குவம், மாமா."

அவன் சிரிக்கவில்லை. எழும்பி மேலே போய்விட்டான்.

உண்மையாகவே நான் குத்திக் காட்டவில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பவனுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? ஆனால் அஜக்ஸுக்குப் போனால், நாங்கள் இப்போது இருக்கும் இந்த ரெக்ஸ்டேலில் எனக்கு எழுத்துக் காட்டிய முதியோர் வகுப்பு அங்கே இல்லை. அதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது அடுத்த பக்கத்தையும் வாசித்துவிட்டேன். சில வருடங்களில் சுல்தான் எல்லாரையும் திரும்ப டெல்லிக்கே போகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வாசிக்க வேண்டியது இதுதான். பேசாமல் தாண்டிவிடலாம். தாண்டினால், எனக்கு வாசிக்க வரவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.